ஓ.எம்.ஆரைக் கடக்க நடைமேம்பாலம் கேட்பதா, தரையிலேயே வழி கேட்பதா?

கந்தன்சாவடி_வாசி (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு மனு தயாராகிறது. சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) எங்கள் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நடைமேம்பாலம் கட்டித் தரச் சொல்லி. கையெழுத்து வாங்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சங்கக் கூட்டத்தில் வாயைத் திறப்பதற்கு முன் விஷயம் தெரிந்தவர்களிடம் பேசிவிடலாம் என்றுதான் இந்த இழை.

ஊர் நிலவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம் எல்லாம் பழைய கிராமங்கள். இவற்றின் நடுவே ஓடிய சாதாரண ரோடு 2008-இல் ஆறு வழிச் சாலை ஆனது. கோயில் ஒரு பக்கம், ரேஷன் கடை மறுபக்கம், வேலை ஒரு பக்கம், வீடு மறுபக்கம். அப்புறம் சிக்னல்களை ஒவ்வொன்றாக மூடி யூ-டர்ன் ஆக்கினார்கள். இப்போது மெட்ரோ வேலைக்காக நடுவில் தகர பேரிகேட். வண்டிக்காரருக்கு ஒரு யூ-டர்ன் தள்ளிப் போனால் இரண்டு நிமிடம் அதிகம், அவ்வளவுதான். நடப்பவருக்கு அந்த இடைவெளி மூடினால் வழியே கிடையாது.

காலையில் ஐ.டி. கட்டடங்களுக்குத் துப்புரவு வேலைக்கு வரும் பெண்கள் ஷேர் ஆட்டோவிலிருந்து எதிர்ப்பக்கம் இறங்குகிறார்கள். டிபன் கேரியரைச் சாலை நடுவில் உள்ள மீடியன் சுவர்மேல் வைத்துவிட்டு, புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறி, அந்தப் பக்கம் இறங்கி நின்று, திரும்பி கேரியரை எடுத்துக்கொண்டு மீதி மூன்று தடத்தைக் கடக்கிறார்கள். அந்தப் பக்கம் கால் வைக்க ஒரு சாண் இடம் இல்லை. வண்டிகள் முழங்கையை உரசிக்கொண்டு போகும்.

இவர்களுக்கு மேம்பாலம் கட்டினால் ஏறுவார்களா? ஏறாவிட்டால் தப்பு அவர்கள் மேலா? என் மனதில் பதில் இருக்கிறது, ஆனால் கணக்காகச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்வழி

நண்பரே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் நான் மேம்பாலத்தின் பக்கம்தான். ஆறு வழிச் சாலையில் ஆளும் வண்டியும் ஒரே மட்டத்தில் குறுக்கிட்டால் என்றைக்காவது மோதத்தான் செய்யும். பிரித்துவிட்டால் மோதலே இல்லை. நம் ஊரில் பாலம் இருந்தும் ஏறுவதில்லை என்றால் அது ஒழுங்கு சம்பந்தப்பட்டது. கம்பி வேலி போட்டு, குறுக்கே ஓடுபவருக்கு அபராதம் போட்டால் இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் எஸ்கலேட்டர் வைத்தே பாலம் கட்டியிருக்கிறார்கள். அப்படிக் கேளுங்கள்.

மட்டக்கோல்

நான் சாலை வடிவமைப்பு வேலை பார்க்கிறவன். நேர்வழி சார் சொல்வது முதல் பார்வைக்குச் சரியாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாலையின் மேல் பாலம் என்றால் கீழே பேருந்து, லாரி போக 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும். பாலத்தின் தடிமனையும் சேர்த்தால் ஆள் ஏற வேண்டியது சுமார் 6 மீட்டர். 15 சென்டிமீட்டர் படி என்றால் 40 படி ஏறி 40 படி இறங்க வேண்டும். அது ஏறக்குறைய இரண்டு மாடி. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவதானால் 12-க்கு 1 என்ற சரிவில், ஒரு பக்கத்துக்கே 72 மீட்டர் நீளம், நடுவில் நின்று மூச்சு வாங்கும் தளங்கள் தனி. நம் நடைபாதையில் அதற்கு இடம் எங்கே இருக்கிறது? அதனால்தான் பெரும்பாலான இடங்களில் சாய்தளத்தையே விட்டுவிடுகிறார்கள். லிஃப்ட் வைத்தால் மின்சாரம், பராமரிப்பு, காவல் எல்லாம் தொடர்ந்து வேண்டும்.

தரையில் கடந்தால் தூரம் எவ்வளவு? ஒரு தடம் 3.5 மீட்டர், ஆறு தடம் 21 மீட்டர். நிமிடத்துக்கும் குறைவு. 21 மீட்டர் போக வேண்டியவரிடம் இரண்டு மாடி ஏறி இறங்கச் சொல்கிறோம். கையில் குழந்தை, தோளில் மூட்டை, முட்டிவலி, வயிற்றில் பிள்ளை, இப்படி ஏதோ ஒன்று இருப்பவர்தான் சாலையில் பாதிப்பேர். ஏறாததற்கு ஒழுங்கீனம் என்று பெயர் வைப்பது அநியாயம்.

பாலம் பயன்படும் இடங்களும் உண்டு. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்தது, சுமார் 570 மீட்டர். அங்கே ரயிலிலிருந்து இறங்குபவர் எப்படியும் நிலையத்தின் பாலத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறியவர் அப்படியே போய்விடுகிறார். தரையில் நிற்பவரைச் சும்மா ஏற்றி இறக்கும் பாலம் அதுபோல ஆகாது.

பஸ்பாஸ்

வேலி போட்டால் பழகிவிடுவார்கள் என்பதைப் பற்றி ஒன்று. நான் தினமும் போகிற வழியில் மீடியன் கம்பி வேலியில் இரண்டு கம்பியை யாரோ வளைத்துவிட்டார்கள். சரி செய்தார்கள், மறுபடியும் வளைந்தது. எல்லாரும் குனிந்து ஒருக்களித்து அதில்தான் நுழைகிறோம். ஒருவர் நுழையும்போது பின்னால் இருப்பவர் ரோட்டில் நிற்க வேண்டும். வேலியால் ஆட்கள் கடப்பது நிற்கவில்லை. கடப்பதற்கு ஆகும் நேரம்தான் கூடியது.

நேர்வழி

மட்டக்கோல் சார், படிக்கணக்கை ஏற்கிறேன். ஆனால் தரையில் என்ன செய்வீர்கள்? வெள்ளைக் கோடு போட்டால் நம் ஊரில் எந்த வண்டி நிற்கிறது?

மட்டக்கோல்

நல்ல கேள்வி. வெள்ளைக் கோடு மட்டும் போடுவதை நானும் எதிர்க்கிறேன். சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுபவர்களே பல பேர் தவறவிடும் இடம் இது.

அமெரிக்காவின் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்துக்காக 30 நகரங்களில் கோடு போட்ட 1000 இடங்களையும் போடாத 1000 இடங்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். 2005-இல் அறிக்கை வந்தது. இரண்டு தடச் சாலைகளில் கோட்டால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஆனால் பல தடங்கள் உள்ள, உயர்த்திய மீடியன் இல்லாத, நாளுக்கு 12,000 வண்டிக்கு மேல் போகும் சாலைகளில், வேறு எதுவும் செய்யாமல் கோடு மட்டும் போட்ட இடங்களில் நடப்பவர்கள் அடிபடுவது அதிகமாக இருந்தது.

ஏன் என்றால், ஓரத் தடத்தில் வரும் பேருந்து நல்ல மனதோடு நிற்கிறது. நீங்கள் அதன் முன்னால் நடக்கிறீர்கள். அடுத்த தடத்தில் வரும் பைக்குக்கு பேருந்து மட்டும் தெரியும், நீங்கள் தெரிய மாட்டீர்கள். உங்களுக்கும் பைக் தெரியாது. பேருந்தின் மூக்கைத் தாண்டி ஓர் அடி வைத்ததும் அடி விழுகிறது. ஓட்டுநர் நின்றதே ஆபத்தாகிவிடுகிறது. தடங்கள் கூடக் கூட இந்த ஆபத்தும் பெருகும். ஆகவே அகலமான சாலையில் எல்லாத் தடத்தையும் ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டும். அதற்குச் சிக்னல்தான் வழி. நிறுத்தக் கோட்டையும் கிராசிங்குக்குப் பல மீட்டர் முன்னாலேயே வைக்க வேண்டும், அப்போதுதான் நின்ற வண்டியைத் தாண்டிப் பக்கத்துத் தடம் கண்ணில் படும்.

இன்னொன்று, நடுத்திட்டு, அதாவது பாதி சாலையைக் கடந்ததும் நின்றுகொள்ள நடுவில் ஒரு திட்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி வினாடிக்கு சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. 21 மீட்டரை ஒரே மூச்சில் கடக்க, வினாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்தால், 17, 18 வினாடி ஆகும். அதாவது இரண்டு பக்கமும் 300 மீட்டருக்கு வண்டியே இருக்கக் கூடாது. ஓ.எம்.ஆரில் நடக்கிற காரியமா? அதையே பாதியாகப் பிரித்தால் 10.5 மீட்டர், 9 வினாடி. ஒரு பக்கம் மட்டும் 150 மீட்டர் காலியாக இருந்தால் போதும். பார்க்க வேண்டியதும் ஒரே திசை. தைரியமில்லாத ஆளும் கடந்துவிடுவார்.

அந்தத் திட்டு ஒரு சைக்கிளோ தள்ளுவண்டியோ முழுசாக நிற்கும் ஆழம் இருக்க வேண்டும், 2 மீட்டராவது. டிபன் கேரியர் மட்டும் நிற்கும் மீடியன் உதவாது.

கந்தன்சாவடி_வாசி

மிக்க நன்றி சார். 300 மீட்டர், 150 மீட்டர் கணக்கு ஒன்றே எங்கள் கூட்டத்தில் பாதிப்பேரை மாற்றிவிடும். எனக்குத் தேவைப்பட்டது இதுதான்.

ஸ்டியரிங்

மாநகரப் பேருந்தில் பல காலம் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். தம்பிகள் ஓட்டுநர் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

நிறுத்தத்தில் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்த எந்த ஓட்டுநருக்கும் ஆசைதான். அங்கே ஷேர் ஆட்டோவும் கேப் வண்டியும் நின்றிருக்கும். வேறு வழியில்லாமல் இரண்டாவது தடத்தில் நிறுத்துகிறோம். ஜனங்கள் அங்கேயே இறங்கி, பேருந்தின் முன்பக்கமாகச் சுற்றி எதிர்ப்பக்கம் போகிறார்கள். முன் கண்ணாடிக்கு நேர் கீழே நடக்கும் குழந்தையோ கூன் போட்ட பாட்டியோ எங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார் என்று நகர்த்தினால் போயிற்று. அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு நிறுத்தத்தையும் தாண்டுவோம்.

அதனால் நான் கேட்பது, கிராசிங் முதலில் வரட்டும், நிறுத்தம் அதைத் தாண்டி இருக்கட்டும். இறங்கினவர் பேருந்தின் பின்பக்கமாக நடந்து கிராசிங்குக்கு வருவார். பேருந்து போக வேண்டியதும் முன்னால்தான், ஆளை மறைக்காது. பல இடங்களில் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். இடம் மாற்றுவதற்கு ஒரு நிழற்குடையை நகர்த்தும் செலவுதான் ஆகும்.

இன்னொரு விஷயம். யூ-டர்னைத் தள்ளித் தள்ளி வைத்ததில் எதிர்த்திசையில் வரும் பைக்குகள் பெருகிவிட்டன. நடப்பவர் வலது பக்கம் பார்த்துக்கொண்டு காலை வைக்கிறார், பைக் இடது பக்கமிருந்து ஓரத்தை ஒட்டி வருகிறது. நான் பணியில் இருந்தபோது கண்ணால் பார்த்த விபத்துகளில் இது ஒரு வகை. இழையில் யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஹெல்மெட்_தலை

ஸ்டியரிங் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. துரைப்பாக்கம் பக்கம் நடைபாதை மேலேயே பைக் வருகிறது. அதற்கு யூ-டர்ன் தூரத்தையும் ஒரு காரணமாகச் சொல்ல வேண்டும், மன்னிக்க அல்ல, சரிசெய்ய.

எனக்கு ஒரு சந்தேகம். அரை கிலோமீட்டருக்கு ஒரு சிக்னல் என்று நடப்பவருக்காக வைத்தால் சாலை முழுக்க ஜாம் ஆகாதா? ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? நான் தினமும் நாவலூர் வரை போகிறவன்.

மட்டக்கோல்

ஆகாமல் செய்யலாம். இரண்டு கட்டமாகக் கடக்கும் கிராசிங்கில் ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும் நிற்கும். 10.5 மீட்டருக்கு மெதுவாக நடப்பவர் வினாடிக்கு 0.8 மீட்டர் என்றாலும் 13 வினாடி. கொஞ்சம் கூடுதல் வைத்தால் 16, 17 வினாடி. மேலும் அடுத்த பெரிய சந்திப்பில் சிவப்பு விழும் நேரத்தோடு இதைக் கோத்துவிட்டால், எப்படியும் அங்கே போய் நிற்கப்போகிற வண்டிகள் இங்கே நிற்கும். மொத்தப் பயண நேரம் பெரிதாக மாறாது. ஓ.எம்.ஆரில் நேரத்தைத் தின்பது நடப்பவர் அல்ல, யூ-டர்னில் மூன்று தடத்தையும் குறுக்கே வெட்டி வரும் வண்டிகள்தான்.

ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். பொத்தானை அழுத்திவிட்டு நீண்ட நேரம் காத்திருக்க வைத்தால் ஆள் நிற்க மாட்டார். அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடே 30 வினாடியைத் தாண்டினால் நடப்பவர் பொறுமை இழப்பார் என்கிறது. நம் ஊர் வெயிலில் அதற்கும் முன்னாலேயே. நம் நகரங்களில் பொத்தானை அழுத்திக் கடக்கும் பல பெலிக்கன் சிக்னல்கள் பயன்படாமல் போனதற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து. அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை, பொத்தான் வேலை செய்யவில்லை என்று நினைத்து ஓடிவிடுகிறார். பிறகு யாரும் இல்லாதபோது சிவப்பு விழுகிறது, ஓட்டுநரும் மதிப்பதை விட்டுவிடுகிறார்.

தேக்கா_காற்று

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், ஊர் தஞ்சாவூர் பக்கம். இங்கே 2009 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. முதியவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் தங்கள் சலுகை அட்டையைச் சிக்னல் கம்பத்தில் தட்டினால் பச்சை மனிதன் கூடுதலாக எரியும். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை. மாமியார் என்னோடு இருந்தபோது அந்த அட்டைதான் அவருக்குத் தனியாகக் கடைக்குப் போகிற தெம்பைக் கொடுத்தது.

இங்கே மேம்பாலங்களும் நிறைய. கிராசிங்குக்கு 50 மீட்டருக்குள் குறுக்கே ஓடினால் குற்றம். ஆனால் நேர்வழி அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை ஒழுங்கு உள்ள ஊரிலேயே வயதானவர்கள் படி ஏறச் சிரமப்படுகிறார்கள் என்று பழைய பாலங்களுக்கு லிஃப்ட் வைத்துக்கொண்டு வருகிறார்கள். முதியவர்கள் அதிகம் உள்ள பகுதிகளில் 2014 முதல் வேகத்தைக் குறைத்து, சாலையைக் குறுக்கி, நடுவில் திட்டு வைத்துத் தரையில் கடக்க வழி செய்கிறார்கள். அபராதம் ஒன்றால் வந்த ஒழுங்கு அல்ல இது.

நேர்வழி

தங்கையே, இது எனக்குப் புதுத் தகவல். சிங்கப்பூர் என்றால் பாலமும் அபராதமும்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் அங்கே சிவப்பு விழுந்தால் நிற்கிறார்கள். இங்கே கேமராவும் அபராதமும் இல்லாமல் சிக்னல் மட்டும் வைத்தால் நடப்பவர் பச்சையை நம்பி இறங்கி அடிபடுவார். என் பயம் அதுதான். அதற்கு ஒரு பதில் சொல்லுங்கள், நான் கையெழுத்தை மாற்றிப் போடுகிறேன்.

மட்டக்கோல்

நியாயமான பயம். சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2017-இன் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி கிராசிங்கில் நடப்பவருக்குத்தான் முன்னுரிமை. காகிதத்தில் உள்ளது சாலையில் நடக்க, வேகம் குறைந்தாக வேண்டும். 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்த வரம்பு காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40. சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் கணக்குப்படி 60-இல் வரும் வண்டி ஆளைப் பார்த்து நிற்க 80 மீட்டர் வேண்டும். 40-இல் வந்தால் 45 மீட்டர். 30-இல் 30 மீட்டர். கிராசிங் அருகில் 40-க்கு இறக்கினாலே நிற்பதற்கான தூரம் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மோதினாலும் அடியின் பலம் பெரிதாகக் குறையும், ஏனென்றால் வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு.

பலகை வைத்து வேகம் குறையாது. கிராசிங்கையே நடைபாதை மட்டத்துக்கு, 15 சென்டிமீட்டர் வரை, இரண்டு பக்கமும் மெதுவான சரிவோடு மேடாக்கலாம். நம் தெருக்களில் போடும் முதுகெலும்பை உடைக்கும் ஸ்பீடு பிரேக்கரைச் சொல்லவில்லை. மேலே நடப்பவருக்குச் சமதளம், மழையில் தண்ணீர் தேங்காது, சக்கர நாற்காலி இறங்கி ஏற வேண்டாம். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஆறு தடத்திலும் இது சாத்தியமா என்று கேட்டால், மெயின் தடங்களில் யோசித்துத்தான் செய்ய வேண்டும். சர்வீஸ் ரோட்டிலும் சிக்னலுக்கு நிற்காமல் இடது பக்கம் திரும்பும் ஃப்ரீ லெஃப்ட் திருப்பங்களிலும் தயங்காமல் போடலாம். ஃப்ரீ லெஃப்ட் என்பது நடப்பவருக்குப் பச்சையே விழாத இடம். அதை மூடுவது இன்னும் நல்லது.

வெள்ளைக்கோல்

வணக்கம். எனக்குப் பார்வை இல்லை. கைப்பேசியில் திரை வாசிப்பான் வழியாக இந்த இழையைக் கேட்டேன். எல்லாரும் பொறுமையாகப் பேசுவது மகிழ்ச்சி. என் தரப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேம்பாலம் எனக்கு எப்படி என்றால், முதல் படி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே வேலை. படிக்குப் பக்கத்தில் கடை, பைக், டிரான்ஸ்ஃபார்மர். ஏறிவிட்டால் மேலே பயமில்லை, அது உண்மை. சில சுரங்கப்பாதைகளில் திருப்பங்களால் எந்தப் பக்கம் வெளியே வருகிறேன் என்றே தெரியாமல் போயிருக்கிறது.

தரையில் கடப்பதில் எனக்கு உள்ள சிக்கல் வேறு. வண்டி ஓடும் சத்தத்தை வைத்துத்தான் திசை பிடிப்பேன். ஆறு தடத்தில் இரண்டு பக்கச் சத்தமும் கலந்துவிடும். இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் வருகின்றன. மட்டக்கோல் ஐயா சொன்ன இரண்டு கட்டக் கிராசிங் நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில ஊர்களில் நடுத்திட்டில் நேராகப் போக விடாமல் பக்கவாட்டில் நடக்கவைத்து அடுத்த பாதிக்கு விடுவார்களாம். அங்கே கைப்பிடிக் கம்பியும், காலுக்குத் தட்டுப்படும் புடைப்பு ஓடும் இல்லையென்றால் நான் திட்டிலிருந்து நேராக வண்டிக்குள் இறங்கிவிடுவேன். பச்சை விழும்போது ஒலி வர வேண்டும். அதுவும் இரண்டு பாதிக்கும் வேறு வேறு ஒலி. ஒரே ஒலி என்றால் அந்தப் பாதியின் பச்சையை என்னுடையது என்று நினைத்துக் காலை வைப்பேன்.

சிக்னல் கம்பத்தைக் கிராசிங்கின் வாயிலேயே நடுவார்கள், அதில் மோதுவேன். ஓரமாக நடச் சொல்லுங்கள்.

மட்டக்கோல்

ஐயா, மிக முக்கியமான பதிவு. அந்தக் கோணல் வடிவத்துக்குக் காரணம் இருக்கிறது. இடது பக்கம் வண்டி ஓடும் நம் ஊரில் திட்டில் இடது கைப்பக்கம் நடக்கவிட்டால், அடுத்த பாதியில் வரும் வண்டிகளை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். நேராக ஓடிவிடவும் முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன கம்பியும் ஓடும் வேறு ஒலியும் இல்லாமல் அதைப் போடவே கூடாது. கந்தன்சாவடி நண்பர் மனுவில் இதை ஐயாவின் வார்த்தையிலேயே போடுங்கள்.

கோவை_சாரல்

எங்க ஊர் அனுபவம் ஒன்று. கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்தார்கள். வண்டிகள் நிற்காமல் போகின்றன, காரில் போகிறவர்களுக்குச் சந்தோசம். ஆனால் சிக்னல் சிவப்பு விழும் அந்த அரை நிமிடத்தில்தான் நடப்பவர்கள் கடந்துகொண்டிருந்தார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லைங்க. கல்லூரிப் பிள்ளைகள் கையைக் காட்டிக்கொண்டே கூட்டமாக இறங்கி ஓடுகிறார்கள். கூட்டம் சேர்ந்தால் வண்டி நிற்கும். தனியாக வரும் வயதானவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

மனுவில் சட்டப் பக்கத்தையும் சேருங்கள். கோவையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவும் வந்தது. சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ விதித்த பாதுகாப்புத் தரத்தைக் கைவிட்டு, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை சின்னதுதான், ஆனால் தப்பு எப்போதும் குறுக்கே போனவர் மேல்தான் என்கிற பேச்சுக்கு இது பதில்.

பஸ்பாஸ்

வெளிச்சத்தை யாரும் சொல்லவில்லையே. மழை நாளில் மாலை ஏழு மணிக்குக் கறுப்புக் குடையோடு நிற்பவர் கண்ணாடி வழியே தெரிவதே இல்லை என்று என் அண்ணன் சொல்வார், அவர் கேப் ஓட்டுகிறார். மீடியனில் வைத்த அரளிச் செடியும் வளர்ந்து, நடுவில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளை முழுசாக மறைக்கிறது.

மட்டக்கோல்

ஆமாம். விளக்கைக் கிராசிங்கின் நேர் மேலே வைப்பதைவிட, வண்டி வரும் திசையில் கொஞ்சம் முன்னால் வைத்தால் நடப்பவரின் முன்பக்கம் வெளிச்சமாகி ஓட்டுநருக்கு ஆளாகத் தெரிவார். பின்னால் வைத்தால் நிழல்தான் தெரியும். அரளியை கிராசிங்குக்கு முன்னால் ஒரு நீளத்துக்கு முழங்கால் உயரத்தில் வெட்டிவிட வேண்டும். விளம்பரப் பலகைகளையும் அகற்ற வேண்டும்.

நேர்வழி

சரி, நான் மாறிவிட்டேன் என்று எழுதிவிடுகிறேன். முழுசாக அல்ல. சோழிங்கநல்லூர் சந்திப்பு போன்ற இடத்தில் மேம்பாலமோ சுரங்கப்பாதையோ கூடவே வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஆனால் அது தரைவழிக்குப் பதிலாக என்று இனி சொல்ல மாட்டேன். வெள்ளைக்கோல் ஐயா எழுதியதைப் படித்தபின் வேலி போடச் சொல்ல மனசு வரவில்லை.

ஒரு கேள்வி. மெட்ரோ வந்தபின் இதெல்லாம் தேவையா? நூறடி சாலையில் அசோக் நகர், வடபழனி நிலையங்கள் வழியாகவே பலர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிறார்கள், எஸ்கலேட்டரும் லிஃப்டும் இருக்கின்றன.

மட்டக்கோல்

நிலையம் இருக்கும் இடத்தில் அது பெரிய உதவி. ஆனால் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ஒரு கிலோமீட்டர் கிடக்கிறது, நிறுத்தங்களும் கடைகளும் அங்கேயும் உண்டு. இரவு நிலையம் மூடினபின் வழி இல்லை.

இதைவிட முக்கியமானது, மாதவரம் - சிப்காட் தடத்தின் தூண்கள் ஓ.எம்.ஆரின் நடுவில்தான் வருகின்றன. தூண் நிற்க மீடியன் அகலமாகத்தான் வேண்டும். வேலை முடிந்து பேரிகேட்டை எடுக்கும்போது மீடியனைப் புதிதாகக் கட்டுவார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே நாம் கேட்கும் 2 மீட்டர் திட்டு கிட்டத்தட்டச் செலவில்லாமல் கிடைக்கும். கட்டி முடித்துச் செடி நட்டு வேலி போட்டபின் கேட்டால், உடைத்துக் கட்ட நிதி இல்லை என்பார்கள். மனு இப்போதே போக வேண்டும். ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், தூணை ஒட்டித் திட்டு வைத்தால் தூணே ஆளை மறைக்கும். தூணுக்குத் தள்ளி, நடு இடைவெளியில் கேளுங்கள்.

சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்ற மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையையும் மேற்கோள் காட்டுங்கள். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்பது அவர்களே எழுதி வைத்தது.

ஸ்டியரிங்

மனுவின் நகலைப் பேருந்துப் பணிமனைக்கும் ஒன்று கொடுங்கள் தம்பி. நிறுத்தத்தை நகர்த்துவது அவர்கள் சம்மதம் இல்லாமல் நடக்காது. முதலிலேயே சேர்த்துக்கொண்டால் பின்னால் இழுத்தடிக்க மாட்டார்கள்.

கந்தன்சாவடி_வாசி

எல்லாருக்கும் நன்றி. சங்கச் செயலாளரிடம் பேசிவிட்டேன், பழைய மனுவை நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டார். புது மனு இப்படிப் போகும்: நிறுத்தத்துக்கு முன்னால் தரைமட்டக் கிராசிங், தூண்களுக்கு இடையில் 2 மீட்டர் நடுத்திட்டு, இரண்டு பாதிக்கும் தனித்தனி ஒலியுள்ள சிக்னல், சர்வீஸ் ரோட்டில் மேடான கிராசிங், முன்பக்க விளக்கு, ஷேர் ஆட்டோவுக்குத் தனி இடம், கிராசிங்கை ஒட்டி 40 கிலோமீட்டர் வரம்பு.

ஒரு வேலை பாக்கி. காலை எட்டிலிருந்து பத்து வரையும், மாலை ஐந்திலிருந்து எட்டு வரையும் எத்தனை பேர், எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். துப்புரவு வேலைக்கு வரும் அக்காமார்களிடம் கேட்டு, அவர்கள் எங்கே கடக்க விரும்புகிறார்கள் என்பதையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். அவர்கள் பெயரிலும் மனு போக வேண்டும் என்று நினைக்கிறேன். பெருங்குடி, கந்தன்சாவடி பக்கம் இருப்பவர்கள் கை கொடுக்க முடிந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

ஹெல்மெட்_தலை

மாலை நேரத்துக்கு நான் வருகிறேன். எதிர்த்திசையில் வரும் பைக்குகளையும் தனியாக எண்ணுவோம். அளக்கும் டேப் என்னிடம் 30 மீட்டர் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

வெள்ளைக்கோல்

காலையில் நான் வருகிறேன். திட்டு வரப்போகிற இடத்தில் நின்று சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிறுத்தத்திலிருந்து யாராவது கூட்டிப்போனால் போதும்.